முடிக்குப் போட்ட கலர் சொதப்பிவிட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாக்கெட் வாங்கி வீட்டில் போட்டதாக இருக்கலாம், பார்லரில் போட்டுக்கொண்டதாக இருக்கலாம். கலர் தப்பாகிவிட்டால் வரும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். கெட்டுப்போன முடியைப் பார்த்தால், முதலில் போட்ட சாயத்தைவிட, அதைச் சரிசெய்கிறேன் என்று அவசரத்தில் மேலே போட்ட இரண்டாவது மூன்றாவது சாயம்தான் அதிகம் கெடுத்திருக்கும். கீழே உள்ள பல பதில்கள் பொறுக்கச் சொல்வதற்குக் காரணம் அதுதான். தலையில் எரிச்சலோ, முகத்தில் வீக்கமோ இருந்தால் மட்டும் பொறுக்க வேண்டாம். மற்றதையெல்லாம் தள்ளிவிட்டு அரிப்பு பற்றிய கேள்விக்கு நேராகப் போய்விடுங்கள்.

இப்போதுதான் தலையை அலசினேன். நினைத்த கலர் வரவில்லை. உடனே என்ன செய்வது?

முடியைக் காயவைத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் ஜன்னல் பக்கம் நின்று பாருங்கள். ஈரமாக இருக்கும்போது எந்த முடியும் கூடுதல் கருப்பாகத்தான் தெரியும். குளியலறையின் மஞ்சள் பல்பில் செம்பட்டையாகத் தெரிந்தது வாசலுக்கு வந்தால் சாதாரணப் பழுப்பாக இருக்கும்.

இரண்டு மூன்று தடவை தலைக்குக் குளித்தால் மேலாக ஒட்டியிருக்கும் சாயம் போய், நிறம் கொஞ்சம் அடங்கும். கலர் தூக்கலாக இருக்கிறது என்பது மட்டும்தான் குறை என்றால் ஒரு வாரம் விட்டுவிடுங்கள், அதுவே சரியாகிவிடலாம். பாக்கெட்டைக் குப்பையில் போடாதீர்கள். அதில் இருக்கும் எண்ணும், சேர்மானப் பட்டியலும் பின்னால் கண்டிப்பாகத் தேவைப்படும். கறுப்பாக அடித்துவிட்டது என்றால், உடனே கடைக்கு ஓடி வெளிர் நிற பாக்கெட் ஒன்று வாங்கி மேலே பூசுவதுதான் பலரும் செய்வது. அது பலிக்காது. ஏன் என்பது அடுத்த பதிலில்.

கருப்புச் சாயத்தின் மேல் பழுப்புச் சாயம் போட்டால் பழுப்பாகாதா?

ஆகாது. சாயம் சாயத்தை எடுக்காது என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம்.

நிரந்தர டையில் இரண்டு பகுதி உண்டு. க்ரீமில் நிறமே இல்லாத சின்னச் சின்ன மூலக்கூறுகளும், அம்மோனியா போன்ற ஒரு காரமும் இருக்கும். டெவலப்பர் என்று தனியாக வரும் பாட்டிலில் ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கும். காரம் முடியின் மேல்செதில்களை விரிக்கிறது. சின்ன மூலக்கூறுகள் உள்ளே போகின்றன. பெராக்சைடு அங்கே அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துப் பெரிய நிற மூலக்கூறாக மாற்றுகிறது. பெரிதானதும் வந்த வழியே வெளியேற முடியாது. அதனால்தான் நாற்பது தடவை தலைக்குக் குளித்தாலும் கருப்பு அப்படியே இருக்கிறது.

பெராக்சைடு உங்கள் இயற்கை நிறமியைக் கொஞ்சம் வெளுக்கும், உள்ளே ஏற்கனவே உட்கார்ந்திருக்கும் சாயத்தை அவ்வளவாக அசைக்காது. ஆகவே கருப்பின் மேல் பழுப்பு போட்டால், புதிதாக வளர்ந்த வேர்ப்பகுதி மட்டும் செம்பழுப்பாகிவிடும், நுனி கருப்பாகவே நிற்கும். ஒரு பிரச்சினை இரண்டாகிவிடும்.

நரைக்குத்தான் போட்டேன். விக் வைத்த மாதிரி கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது. எப்படிக் குறைப்பது?

நம் ஊரில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நம் முடி கருப்புத்தானே என்று எல்லோரும் 1 என்ற எண் போட்ட கருப்பை வாங்கிவிடுகிறோம். கலர் அட்டையில் 1 என்பது முழுக் கருப்பு, 10 என்பது மிக வெளிர்ந்த பொன்னிறம். நாற்பது ஐம்பது வயதில் நம்மில் பலருடைய இயற்கை முடி 2, 3 என்ற அளவில், வெயில் பட்டால் லேசாகப் பழுப்பு தெரியும்படி இருக்கும். அதன் மேல் 1 போட்டால், அதிலும் நீலம் கலந்த 1.1 போட்டால், முகத்தின் களை போய் வயது கூடித் தெரியும். அடுத்த முறை 3 அல்லது 4 வாங்குங்கள். டார்க் பிரவுன் என்று எழுதியிருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். நரைமுடிமேல் அது பெரும்பாலும் கருப்புக்கு அருகிலேயே தெரியும்.

சரி, இப்போது தலையில் இருப்பதை என்ன செய்வது? போட்டு ஓரிரு நாள்தான் ஆகிறது என்றால், கண்டிஷனர் இல்லாத, அழுக்கை நன்றாக எடுக்கும் ஷாம்பூ உதவும். பொடுகு ஷாம்பூவும் சாயத்தைக் கொஞ்சம் வேகமாக மங்கவைக்கும். வெதுவெதுப்பான நீரில் நுரையை ஐந்து நிமிடம் விட்டு அலசுங்கள். முதல் சில நாட்களில்தான் இதற்குப் பலன் அதிகம். குளிப்பதற்கு முந்தைய இரவு தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிடுங்கள். எண்ணெயில் கொஞ்சம் சாயம் இறங்கும். அதைவிட முக்கியம், ஷாம்பூவால் முடி காய்ந்துபோவதை அது தடுக்கும். தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது, மினரல் எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் அப்படிச் செய்வதில்லை என்று 2003-ல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று காட்டியது. பாட்டிமார் சொன்னதில் இது தேறிய ஒன்று.

இத்தனைக்குப் பிறகும் ஒரு படி குறைந்தால் அதிர்ஷ்டம். குறையவில்லை என்றால் முகத்தைச் சுற்றி இருக்கும் முடியை மட்டும் பார்லரில் லேசாக மாற்றிக்கொள்வது நல்ல வழி. பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது நெற்றியோரமும் வகிடும்தான். முழுத் தலையையும் தொட வேண்டிய அவசியமே இல்லை.

பிளீச் செய்யாமல் சாயத்தை எடுக்கும் மருந்து இருக்கிறதாமே?

இருக்கிறது. கலர் ரிமூவர் என்பார்கள். பெராக்சைடு சேர்த்து வைத்த பெரிய மூலக்கூறை இது மறுபடி சின்னதாக்கிவிடும், அப்புறம் தண்ணீரோடு போய்விடும். உங்கள் இயற்கை நிறமியை இது தொடாது. கந்தகச் சேர்மம் இருப்பதால் கெட்ட முட்டை நாற்றம் ஒன்றிரண்டு நாள் தலையில் இருக்கும். அதற்குத் தயாராக இருங்கள்.

பெரும்பாலும் எங்கே தவறுகிறது என்றால் அலசுவதில்தான். கால் மணி நேரத்துக்கு மேல் ஓடும் தண்ணீரில் அலச வேண்டும். உடைந்த மூலக்கூறுகள் உள்ளே மிச்சம் இருந்தால், காற்றிலோ அடுத்து போடும் பெராக்சைடிலோ திரும்பச் சேர்ந்து மறுநாளே கருத்துவிடும். இன்னொன்று, முதல் தடவை சாயம் போட்டபோது பெராக்சைடு வெளுத்த இயற்கை நிறமி திரும்பி வராது. அதனால் சாயம் போனபின் முடி பழைய கருப்பாக இருக்காது, செம்பட்டையாகத் தெரியும். மருதாணியையும், பிளீச் செய்த முடிமேல் பூசும் நீலம், ஊதா போன்ற ஃபேஷன் கலர்களையும் இந்த மருந்து எடுக்காது.

எலுமிச்சை, சமையல் சோடா, பாத்திரம் கழுவும் லிக்விட் என்றெல்லாம் சொல்கிறார்களே?

எலுமிச்சையை வெயிலில் தேய்த்துக்கொண்டு நின்றால் தோல் எரிந்து கருக்கும். சோடா காரம். முடியின் செதிலை விரித்துச் சொரசொரப்பாக்கும். பாத்திர லிக்விட் நிறத்தையும் எடுக்கும், முடியில் இருக்கிற எண்ணெய்ப் பசையையும் துடைத்து எடுத்துவிடும். முகத்துக்குப் போடும் பிளீச் க்ரீமைத் தலையில் தடவுகிறவர்களும் உண்டு. அது பூனைமுடிக்கான அளவில் செய்தது, தலையில் திட்டுத்திட்டாக வரும். துணிக்குப் போடும் பிளீச்சிங் பவுடர், பிளீச் திரவம் பக்கமே போக வேண்டாம். முடியைக் கரைத்துவிடும், தோலையும் பொசுக்கும்.

ஹைலைட்ஸ் செய்தேன். ஆரஞ்சு நிறமாக நிற்கிறது. பர்ப்பிள் ஷாம்பூ வாங்கினேன், ஒன்றும் ஆகவில்லை.

ஆரஞ்சுக்கு எதிர்நிறம் நீலம். ஊதா மஞ்சளைத்தான் அடக்கும். நீங்கள் வாங்க வேண்டியது ப்ளூ ஷாம்பூ. விளம்பரத்தில் ஊதாதான் அதிகம் வருகிறது, ஏனென்றால் அந்த விளம்பரங்கள் ஏற்கனவே மஞ்சள் நிறம்வரை வெளுத்த முடிக்கு.

கருப்பு முடியை வெளுக்கும்போது அது நேராக வெள்ளையாவதில்லை. கருஞ்சிவப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெளிர்மஞ்சள் என்று படிப்படியாகப் போகும். கருப்பு நிறமி முதலில் கரைகிறது, செம்மை நிறமி கடைசிவரை பிடித்துக்கொண்டு நிற்கிறது. பாதியில் நிறுத்தினால் ஆரஞ்சில்தான் நிற்கும். நம் முடிக்கு அது இயல்பு.

இரண்டு வழி இருக்கிறது. இன்னும் வெளுத்து மஞ்சள்வரை கொண்டுபோய் டோனர் (வெளுத்த முடியின் சாயலைத் திருத்தும் மென்மையான கலர்) போடுவது ஒன்று. முடி நல்ல பலத்தோடு இருந்தால் மட்டும், சில வாரம் இடைவெளி விட்டு, பார்லரில் செய்ய வேண்டியது இது. இன்னொன்று, ஆரஞ்சை அப்படியே அடித்தளமாக வைத்துக்கொண்டு சாம்பல் சாயல் உள்ள நடுத்தரப் பழுப்பைக் குறைந்த பெராக்சைடில் மேலே போடுவது. என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன். நம் தோல் நிறத்துக்குத் தேன்பழுப்பு அழகாக இருக்கும், பராமரிப்பும் குறைவு.

முடியில் பச்சை அடிக்கிறது. இது எப்படி வந்தது?

எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் தீர்வு. நீச்சல் குளத்துக்குப் போகும் ஆளாக இருந்தால், தண்ணீரில் இருக்கும் செம்புதான் காரணம். பாசி பிடிக்காமல் இருக்கக் குளத்தில் செம்புச் சேர்மம் போடுவார்கள். குளோரின்மேல் பழி விழுகிறது, பச்சை அதனுடையது அல்ல. வெளுத்த முடியில்தான் இது பளிச்சென்று தெரியும். உலோகத்தைப் பிடித்து இழுக்கும் இடிடிஏ கலந்த ஷாம்பூ இதற்குச் சரியாக வரும். உப்புத்தண்ணீர் போர்வெல் உள்ள வீடுகளில் கலர் சீக்கிரம் மங்கி, முடி விறைத்துக் கிடப்பதற்கும் அதே ஷாம்பூவை மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை போடலாம்.

நீச்சலே தெரியாது, சாயம் போட்டபின்தான் பச்சை வந்தது என்றால், மஞ்சளாக வெளுத்திருந்த முடியில் நீலச்சாம்பல் சாயல் உள்ள கலரைப் போட்டிருப்பார்கள். மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை. வெளுத்த முடியை ஒரே அடியாகக் கரும்பழுப்புக்குத் திருப்பும்போதும் இப்படி ஆகும். வெளுத்தபோது போன செம்மையை முதலில் நிரப்பிவிட்டுத்தான் பழுப்பு போட வேண்டும். பார்லரில் இதை ஃபில்லர் என்பார்கள். ஏற்கனவே வந்துவிட்டது என்றால், செம்பு நிறமோ சிவப்போ சாயலாக உள்ள டோனரைச் சில நிமிடம் போட்டால் பச்சை அடங்கிவிடும். தக்காளி சாஸ் பூசச் சொல்வார்கள். சிவப்பு கொஞ்சம் மறைக்கும், அவ்வளவுதான், சாஸ் தோசைக்கே நல்லது.

வேர்ப்பக்கம் மட்டும் நெருப்பு மாதிரி சிவந்து, கீழே கருப்பாக இருக்கிறது.

தலைச்சூட்டால் வருவது. தோலுக்கு அருகே இருக்கும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் முடியில் சாயம் வேகமாக வேலை செய்யும். புதுமுடிக்கு முதன்முதலாகக் கலர் போடும்போது நடுப்பகுதியிலும் நுனியிலும் முதலில் தடவி, வேரில் கடைசியாகத் தடவ வேண்டும். வேரில் மட்டும் ஒரு படி கருத்த, சாம்பல் சாயல் உள்ள கலரை 10 வால்யூம் டெவலப்பரில் கலந்து சில நிமிடம் வைத்தால் சரியாகிவிடும். நுனிவரை இழுத்துவிடாதீர்கள்.

டெவலப்பர் எண் பற்றி ஒரு வரி: 10 வால்யூம் என்றால் 3 சதவீதம் பெராக்சைடு, 20 என்றால் 6, 30 என்றால் 9, 40 என்றால் 12. நரை மறைக்க 20 போதும். வீட்டில் 40-ஐத் தொட எந்தக் காரணமும் இல்லை.

பர்கண்டி போட்டேன். கருப்பு முடியில் ஒன்றும் தெரியவில்லை, நரைமுடி மட்டும் ரோஸ் கலரில் ஜொலிக்கிறது.

நரையில் நிறமி இல்லை. அதனால் போட்ட நிறம் அப்படியே பளிச்சென்று தெரியும். பர்கண்டி, மஹோகனி, செப்பு போன்ற கலர்களை நரைத் தலைக்குத் தனியாகப் போடவே கூடாது. அதே அளவு ஆழமுள்ள சாதாரணப் பழுப்போடு கலந்து போட வேண்டும். நரை அதிகமாக இருந்தால் பாதிக்குப் பாதி. இப்போது சரிசெய்ய, 4 எண் உள்ள சாதாரணப் பழுப்பை நரைத்த இடங்களில் மட்டும் தொட்டுத் தொட்டு வையுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் ரோஸ் உள்ளே போய், லேசான மினுமினுப்பு மட்டும் நிற்கும். சிவப்பு நிறங்கள் வேகமாக மங்கும் என்பதால் காத்திருந்தாலும் குறையும், ஆனால் ஆபீஸில் யார் காத்திருப்பது?

நரைமேல் டை ஒட்டவே மாட்டேன் என்கிறது.

கிருதாவும் நெற்றியோரமும்தானே? அங்கே நரைமுடி தடித்து, செதில்கள் இறுக்கமாக மூடியிருக்கும். டையை அங்கேதான் முதலில் தடவ வேண்டும். நாமோ பின்னந்தலையில் ஆரம்பித்து, மிச்சம் மீதியை முன்பக்கம் தடவிவிட்டு, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அலசுகிறோம். பாக்கெட்டில் சொன்ன நேரம் முழுவதும் வையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு நிறைய இருந்தால் முந்தின நாள் ஷாம்பூ போட்டுவிடுங்கள். பாதி பாக்கெட்டைக் கலந்து வைத்து மறுநாள் தடவினால் ஒட்டாது. கலந்தபிறகு அதன் வேலை காற்றிலேயே முடிந்துவிடும். திறந்து பல மாதம் கிடந்த பெராக்சைடும் செத்ததுதான்.

பல வருடமாக மருதாணி போடுகிறேன். அதன் மேல் கலர் போட்டுக் கெட்டுவிட்டது. இனி பிளீச் செய்யலாமா?

எந்த மருதாணி என்பதுதான் கேள்வி. தோட்டத்து இலையை அரைத்தோ, வேறு எதுவும் சேர்க்காத பொடியையோ போட்டிருந்தால், அதில் இருக்கும் லாசோன் என்ற நிறமி முடியின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அதன் மேல் டை போட்டால் பொதுவாகப் பிடிக்கும். ஆனால் அதை எடுக்க எந்த மருந்தும் உருப்படியாக இல்லை. பிளீச் போட்டால் ஆரஞ்சுவரை வந்து அங்கேயே நின்றுவிடும். மருதாணிக்குமேல் நீலச் சாயம் தரும் அவுரிப்பொடி (இண்டிகோ) போட்ட தலை என்றால் பிளீச்சில் பச்சையாகவோ நீலப்பச்சையாகவோ மாறலாம்.

கடையில் "கருப்பு ஹென்னா" என்று விற்கும் பொடி வேறு சங்கதி. மருதாணி எந்தக் காலத்திலும் கருப்பு தராது. பொடி தண்ணீரில் கலந்து அரை மணியில் கருப்பாக்குகிறது என்றால், உள்ளே பிபிடி (PPD, பாரா-ஃபீனைலின்டையமின்) என்ற, நிரந்தர டைகளில் இருக்கும் அதே ரசாயனம் இருக்கும். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் தேடிப் பாருங்கள். சில கலவைகளில் உலோக உப்புகளும் உண்டு. அவை இருக்கும் முடியில் பெராக்சைடு பட்டால் சூடேறி, நுரைத்து, முடி அங்கேயே அறுந்துபோகும். இரும்புச் சட்டியில் டீத்தண்ணீரோடு ஊறவைத்துப் போடும் பழக்கம் இருந்தால் அதையும் பார்லரில் சொல்லிவிடுங்கள்.

இதைக் கண்டுபிடிக்கப் பழைய சோதனை ஒன்று இருக்கிறது. சீப்பில் உதிர்ந்த முடியைக் கொண்டுபோய்க் கொடுத்தால், பார்லரில் 20 வால்யூம் பெராக்சைடில் சில சொட்டு அம்மோனியா விட்டு அரை மணி நேரம் ஊறவைத்துப் பார்ப்பார்கள். சூடு, குமிழி, துர்நாற்றம் வந்தால் அந்த முடிக்குப் பிளீச்சும் இல்லை, டையும் இல்லை. வெட்டி வளர்க்க வேண்டியதுதான். இந்தச் சோதனை செய்யாமல் மருதாணித் தலையில் பிளீச் வைக்கத் துணியும் பார்லரில் இருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

அவுரி போட்ட அன்றைக்கே பச்சையாகத் தெரிகிறது என்று பயந்து அழைப்பவர்களுக்கு: அது இயல்பு. காற்று பட்டு ஒன்றிரண்டு நாளில் கருத்துவிடும். அதுவரை ஷாம்பூ போடாதீர்கள்.

பிளீச்சுக்குப் பிறகு ஈர முடியை இழுத்தால் நீண்டுகொண்டே போகிறது, விட்டால் அறுகிறது.

உள்ளிருக்கும் பிணைப்புகள் அறுந்துவிட்டன. நல்ல முடி நனைந்தபோது கொஞ்சம் நீண்டு, விட்டதும் திரும்பிச் சுருங்கும். திரும்பாத முடிக்கு இனி எந்த ரசாயனமும் கூடாது. டோனர்கூட வேண்டாம். அயர்ன் பாக்ஸ், ட்ரையர் எல்லாம் அலமாரிக்குள் போகட்டும். ஈரத்தோடு சீவாதீர்கள், துண்டால் அடித்துத் துவட்டாதீர்கள். பிணைப்புகளுக்கென்று வரும் பாண்ட் சிகிச்சைகள் முடியைக் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். பழைய நிலைக்குக் கொண்டுவரும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம். முடி உயிரற்ற பொருள், காயம்போல ஆறாது. மாதம் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வளரும். வளர வளரக் கீழே வெட்டிக்கொண்டே வருவதுதான் வழி. இந்தக் கட்டத்தில் பழனிக்கு வேண்டிக்கொண்டவர்களும் உண்டு. சாமிக்கும் ஆயிற்று, முடிக்கும் ஆயிற்று.

கலரும் ஸ்மூத்தனிங்கும் ஒரே நாளில் செய்யலாம் என்கிறார்கள்.

வேண்டாம். ஸ்மூத்தனிங், ஸ்ட்ரெய்ட்டனிங் மருந்து முடியின் உள்பிணைப்பை உடைத்துத்தான் நேராக்குகிறது. முதலில் அதைச் செய்துவிட்டு, இரண்டு வாரமாவது கழித்துக் கலர் போடலாம். பிளீச் செய்த முடிக்கு ஸ்மூத்தனிங்கே கூடாது.

டை போட்ட மறுநாள் தலை அரித்தது. இன்று கண் இமை வீங்கிவிட்டது.

தோல் மருத்துவரிடம் இன்றே போங்கள். உதடு, நாக்கு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த அவசரம் இல்லை என்றால், மருத்துவரிடம் போவதற்கு முன் மென்மையான ஷாம்பூ போட்டு நிறையத் தண்ணீரில் தலையை அலசிவிடுங்கள். டை பாக்கெட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

பெரும்பாலும் இது பிபிடி ஒவ்வாமை. ஒன்று முதல் மூன்று நாள் கழித்துத்தான் முழு வேகத்தில் வரும். அதனால் பலர் வேறு எதையோ சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். நெற்றியோரம், காதுமடல், பிடரி ஆகிய இடங்களில் தடித்து நீர் கசியும். இமை வீங்கும். "பத்து வருடமாக இதே டைதான் போடுகிறேன், ஒன்றும் ஆனதில்லை" என்பது இங்கே வாதமே அல்ல. உடல் ஒருநாள் இதை எதிரியாகக் குறித்துக்கொள்ளும், குறித்தபின் மறக்காது. அடுத்த முறை இன்னும் சின்ன அளவுக்கே இன்னும் பெரிதாக வரும். கையில் போட்டுக்கொள்ளும் கருப்பு மருதாணி டாட்டூவிலும் இதே பிபிடி கலப்பதுண்டு. திருவிழாக் கடையில் குழந்தைக்கு ஆசையாகப் போட்டுவிட்டால், பின்னாளில் அந்தப் பிள்ளைக்கு டையே ஆகாமல் போகலாம்.

அம்மோனியா இல்லாத டைக்கு மாறினால் போதுமா என்றால், போதாது. அம்மோனியாவுக்கும் இந்த ஒவ்வாமைக்கும் சம்பந்தமில்லை. அதற்குப் பதிலாக வேறு ஒரு காரம் இருக்கும், பிபிடியோ அதன் பங்காளியோ அதே இடத்தில் இருக்கும். "ஹெர்பல்" என்ற எழுத்துக்கும் இதே பதில். மருத்துவர் ஒட்டுச் சோதனை செய்து எது ஆகாது என்று எழுதித் தருவார். அதுவரை எதுவும் போடாதீர்கள்.

இன்னும் ஒவ்வாமை வராதவர்கள், ஒவ்வொரு தடவையும் 48 மணி நேரத்துக்கு முன் காதின் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ ஒரு துளி வைத்துப் பாருங்கள். எல்லா அட்டையிலும் எழுதியிருக்கிறது, யாரும் செய்வதில்லை.

நெற்றியிலும் காதிலும் கறை. எதில் போகும்?

தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டுப் பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். மேக்கப் கலைக்கும் திரவமும் எடுக்கும். மிச்சம் இரண்டு நாளில் தானாகப் போகும். அடுத்த முறை முன்கூட்டியே வாஸலின் தடவிக்கொள்ளுங்கள்.

மீசை, தாடி, புருவத்துக்கு மிச்ச டையைத் தொட்டு வைக்கலாமா?

மீசை தாடிக்கு அதற்கென்று விற்கும் டை இருக்கிறது. தலைக்கு வைக்கும் நேரத்தில் பாதிகூட வேண்டாம். முழுக் கருப்பைவிடப் பழுப்பு பொருந்தும், நாலைந்து நரை தெரிந்தால் இன்னும் இயல்பாக இருக்கும். புருவத்திலும் இமையிலும் கூடவே கூடாது. அமெரிக்காவில் 1930-களில் லாஷ் லூர் என்ற இமைச் சாயம் பிபிடி வகை ரசாயனத்தோடு விற்றது. பார்வை பறிபோனவர்களும் உண்டு, உயிர் போனதும் உண்டு. அங்கே 1938-ல் அழகுப் பொருட்களையும் சட்டத்துக்குள் கொண்டுவந்ததற்கு அந்த விவகாரமும் ஒரு காரணம்.

நாலு நாளில் வீட்டில் கல்யாணம். இந்தக் கோலத்தில் எப்படி நிற்பது?

நாலு நாளில் செய்யக்கூடியது மறைப்பது மட்டும்தான். நரை தெரியும் வகிட்டுக்கு ரூட் டச்சப் ஸ்ப்ரே, கலர் பவுடர் எல்லாம் கிடைக்கிறது. அடுத்த குளியலில் போய்விடும். வியர்வையில் கழுத்தில் இறங்குமா என்று ஒருநாள் முன்னாலேயே போட்டுப் பாருங்கள். வகிட்டைப் பக்கவாட்டில் மாற்றினாலே பாதி மறையும். திட்டுத்திட்டான நுனியைக் கொண்டைக்குள் சுருட்டி மல்லிகைச் சரம் சுற்றிவிட்டால் மீதியும் மறையும். கல்யாணத்துக்கு முந்தின நாள் திருத்தச் சாயம் போடுவதைப்போல அபாயம் வேறில்லை. ஆல்பம் முழுக்க அது இருக்கும்.

சரிசெய்ய வேறு பார்லருக்குப் போகிறேன். என்ன சொல்ல வேண்டும்?

எல்லாவற்றையும். தோள்வரை இறங்கும் முடியின் நுனிக்கு இரண்டு வயதுக்கு மேல் இருக்கும். ஆகவே இரண்டு மூன்று வருடத்தில் போட்ட டை, மருதாணி, ஸ்மூத்தனிங், கெரட்டின் அத்தனையும் இன்னும் உங்கள் தலையில்தான் இருக்கின்றன. வீட்டில் போட்டதைச் சொல்ல வெட்கப்பட்டு மறைத்தால் நஷ்டம் உங்களுக்கு. பழைய பாக்கெட்டையும், பிடித்த கலரின் படத்தையும் கொண்டுபோங்கள். முழுத் தலைக்கும் போடும் முன் உள்பக்கமாக ஒரு சிறு கற்றையில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். "ஒரே நாளில் கருப்பிலிருந்து பொன்னிறம்" என்று சொல்கிறவர்களைவிட, "மூன்று தடவை வர வேண்டியிருக்கும்" என்று சொல்கிறவர்களை நம்பலாம்.

பார்லர்தான் கெடுத்தது. பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

முதலில் அங்கேயே கேளுங்கள். கலர் மட்டும் பிசகியிருந்தால் நல்ல பார்லர்கள் இலவசமாகத் திருத்தித் தருவார்கள். முடி அறுந்திருந்தால் அவர்கள் கையில் திரும்பத் தலையைக் கொடுக்காமல் பணத்தைக் கேளுங்கள். அன்றே பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். பில், வாட்ஸ்அப் பேச்சு, மருத்துவர் சீட்டு எதையும் அழிக்காதீர்கள்.

ஒத்துவரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், வக்கீல் கட்டாயம் இல்லை, 5 லட்சம் ரூபாய்வரை கட்டணமும் இல்லை. ஆதாரம் ஏன் முக்கியம் என்பதற்கு டெல்லியில் நடந்த ஒரு வழக்கு இருக்கிறது. ஹோட்டல் சலூனில் முடியைத் தவறாக வெட்டியதற்கு 2021-ல் தேசிய ஆணையம் 2 கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 2023-ல் உச்ச நீதிமன்றம், அந்தத் தொகைக்கு ஆதாரம் எங்கே என்று கேட்டு வழக்கைத் திருப்பி அனுப்பியது.

போதும் இந்தச் சாயம். நரையை அப்படியே வளர விடலாம் என்று நினைக்கிறேன்.

தாராளமாக. கஷ்டம் முதல் ஆறு மாதம்தான். கருப்பு நுனியும் வெள்ளை வேரும் கோடு போட்டதுபோலத் தெரியும் காலம் அது. அந்தக் கோட்டை உடைக்க, வகிட்டின் இருபக்கமும் மெல்லிய ஹைலைட்ஸ் சில வைக்கச் சொல்லலாம். நிறம் மாறும் எல்லை கலங்கித் தெரியும். பிளீச் வேண்டாம் என்றால் முடியைத் தோளுக்குமேல் வெட்டிக்கொள்ளுங்கள். வளர்ச்சிக் கணக்குப்படி ஒன்றரை இரண்டு வருடத்தில் சாயம் போட்ட முடி முழுவதும் போய்விடும். ஆண்கள் பாடு சுலபம், நாலைந்து முறை சலூனுக்குப் போனால் முடிந்தது. நரை மஞ்சளித்துத் தெரிந்தால், முன்னே ஆரஞ்சுக்கு உதவாத அந்தப் பர்ப்பிள் ஷாம்பூவை இப்போது வாங்கலாம், வாரம் ஒருமுறை போதும்.